தூது சென்ற டிரம்பெட்

ஒரு நாட்டைத் தன் பக்கம் இழுக்க விரும்பும் இன்னொரு நாடு என்ன செய்யும்? படையை அனுப்பி மிரட்டலாம். கடனும் உதவியும் கொடுத்து வாங்கலாம். வணிகத் தடை விதித்துப் பணிய வைக்கலாம். இவை மூன்றையும் நாம் இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்திலேயே படித்துவிட்டோம். பாடநூல்களில் அதிகம் பேசப்படாத நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. ஒரு பாடகரை அனுப்பலாம். ஒரு நடனக் குழுவை அனுப்பலாம். மொழி வகுப்பு தொடங்கலாம், நூலகம் திறக்கலாம், மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கலாம். இதனால் யாருக்கும் காயம் ஏற்படுவதில்லை. வந்தவர்களை நாமே கைதட்டி வரவேற்கிறோம். அவர்கள் திரும்பிப் போன பிறகும் அவர்களுடைய நாட்டைப் பற்றி ஒரு நல்லெண்ணம் நம் மனத்தில் தங்கிவிடுகிறது. அந்த நல்லெண்ணம் நாளை ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் ஒரு வாக்காகவோ ஓர் ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்தாகவோ மாறும் என்பது அனுப்பியவர்களின் கணக்கு.

இதனைப் பண்பாட்டு அரசதந்திரம் என்பர். அச்சுறுத்தாமலும் விலை கொடுக்காமலும் கவர்ச்சியால் மட்டுமே பிறரை இணங்க வைக்கும் இந்த ஆற்றலை, 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை தனியே பிரித்துக் காட்டிப் பெயர் சூட்டினார். தமிழில் அதை மென்னாற்றல் என்கிறோம். பெயர்தான் புதிது, பழக்கம் பழையது.

இந்தப் பரந்த வரலாற்றிலிருந்து ஒரே ஒரு கதையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்க அரசாங்கம் ஜாஸ் இசைக் கலைஞர்களை உலகமெங்கும் தூது அனுப்பிய கதை அது. ஏன் இந்தக் கதை? தூது சென்றவர்களில் பலர் தங்கள் சொந்த நாட்டிலேயே சம உரிமை இல்லாதவர்கள். அரசாங்கம் அவர்களை ஒரு கருவியாகத்தான் எடுத்தது. ஆனால் அந்தக் கருவிக்கு வாய் இருந்தது. அது பேசத் தொடங்கியபோது நடந்தவற்றில், நம்மைப் போன்ற மாணவர்களுக்கு வேண்டிய ஒரு பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

எப்படித் தொடங்கியது?

1870-71 போரில் பிரான்சு ஜெர்மனியரிடம் படுதோல்வி அடைந்தது. படைபலத்தால் இழந்த மதிப்பை மொழியால் மீட்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர்கள் சிலர் கருதினர். 1883-ஆம் ஆண்டில் பாரிசில் அலியான்ஸ் பிரான்சேஸ் தோன்றியது. உலகமெங்கும் பிரெஞ்சு மொழியைக் கற்பிப்பது அதன் வேலை. 1925-இல் சோவியத் அரசு வெளிநாட்டுப் பண்பாட்டு உறவுகளுக்கென்றே ஒரு தனிச் சங்கத்தை அமைத்தது. ஹிட்லரும் முசோலினியும் பிரச்சாரத்தில் முந்திக்கொண்டிருந்த 1934-இல் பிரிட்டிஷ் கவுன்சில் உருவானது. தென் அமெரிக்காவில் நாஜிகளின் செல்வாக்கு பரவுவதைக் கண்டு, 1938-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சும் பண்பாட்டு உறவுகளுக்கு ஒரு பிரிவைத் திறந்தது.

இந்த ஆண்டுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு தோல்விக்குப் பிறகோ ஒரு போட்டியாளரைக் கண்டு அஞ்சியபோதோதான் இவற்றுள் பல பிறந்திருக்கின்றன. கலை மீது கொண்ட காதல் மட்டும் எந்த அரசாங்கத்தையும் பணப்பையைத் திறக்க வைப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பனிப்போர்க் காலத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஆறாத புண்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒன்றன் பின் ஒன்றாக நாடுகள் விடுதலை பெற்றன. இவை யார் பக்கம் சாயும் என்பதே அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இருந்த பெரிய கேள்வி. 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் மாநாடு கூடின. அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர் ஆட்சியின் கீழ் அவமானப்பட்டவர்கள். அவர்களிடம் போய் 'நாங்கள் சுதந்திரத்தின் காவலர்கள்' என்று அமெரிக்கா சொன்னால், அடுத்த கேள்வி ஒன்றுதான்: 'உங்கள் நாட்டில் கறுப்பினத்தாருக்கு என்ன நடக்கிறது?'

பதில் சொல்வது எளிதாக இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, பேருந்தில் தனி இருக்கை, உணவகத்தில் தனி வாசல். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொலை செய்யப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு விடுவித்தது. இத்தகைய செய்திகளைச் சோவியத் ஏடுகள் உலகெங்கும் கொண்டு போயின. அவை பொய் கலக்கத் தேவையே இருக்கவில்லை. உண்மையே போதுமானதாக இருந்தது. இன ஒதுக்கல் நாட்டின் வெளியுறவைக் கெடுக்கிறது என்று 1952-இல் அமெரிக்க அரசாங்கமே தன் உச்ச நீதிமன்றத்தில் எழுத்துமூலம் வாதிட்டது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அதே வேளையில் ரஷ்யர்கள் தங்கள் பாலே நடனத்தையும் செவ்விசையையும் பெருமையுடன் வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர். அமெரிக்காவுக்குப் பண்பாடே கிடையாது, பணம் மட்டும்தான் உண்டு என்ற பேச்சு ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. 1954-இல் அதிபர் ஐசன்ஹோவர் இதற்கென்று 50 இலட்சம் டாலர் அவசர நிதியை நாடாளுமன்றத்திடம் கேட்டுப் பெற்றார். கலைக் குழுக்களும் வணிகக் கண்காட்சிகளும் அந்நிதியிலிருந்து வெளிநாடு சென்றன. மார்த்தா கிரகாமின் நவீன நடனக் குழு 1955-56-இல் ஆசியாவைச் சுற்றியபோது, இன்னும் விடுதலை பெறாத நம் மலாயாவுக்கும் வந்து ஆடியது.

ஆனால் நடனமும் செவ்விசையும் ஐரோப்பாவிலும் உண்டு. அமெரிக்காவில் மட்டுமே பிறந்த கலை எது? ஜாஸ். அதைப் பிறப்பித்தவர்கள் யார்? அடிமைகளின் பேரப்பிள்ளைகள். பாண்டுங் மாநாட்டுக்குத் தானாகவே போய் வந்த கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பாவல் இந்த யோசனையை வலியுறுத்தினார். கலைக் குழுக்களைத் தேர்ந்தெடுத்த அறிஞர்களில் சிலர் முகம் சுளித்தனர். இரவு விடுதியில் வாசிக்கும் இசையா நாட்டின் முகம் என்பது அவர்கள் கேள்வி. இறுதியில் அரசியல் தேவை வென்றது. ஜாஸ் வாசிப்பவர்களை அனுப்பினால் இரண்டு காரியம் நடக்கும்: அமெரிக்காவுக்குச் சொந்தப் பண்பாடு உண்டு என்றும் காட்டலாம், கறுப்பினத்தார் எவ்வளவு உயர்ந்திருக்கிறார்கள் என்றும் காட்டலாம்.

கில்லெஸ்பியின் பயணம்

முதலில் புறப்பட்டவர் டிஸி கில்லெஸ்பி. கன்னம் பலூன் போல் உப்ப டிரம்பெட் வாசிக்கும் மேதை. 1956 மார்ச்சில் ஈரானின் அபாடான் நகரில் தொடங்கி டாக்கா, கராச்சி, பெய்ரூட், டமாஸ்கஸ், அங்காரா, பெல்கிரேட் என்று சென்று ஏதென்சில் முடிந்த பயணம் அது. குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்தனர். மெல்பா லிஸ்டன் என்ற பெண் டிராம்போன் வாசித்தார். அப்போது இளைஞராக இருந்த குயின்சி ஜோன்ஸ் இசை ஏற்பாட்டைக் கவனித்தார். அந்தக் குழுவைப் பார்த்தாலே அமெரிக்காவில் எல்லாரும் சமம் என்று தோன்றும். அனுப்பியவர்களின் விருப்பமும் அதுவே.

புறப்படும் முன், வெளிநாட்டில் இன வேறுபாடு பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கமளிக்க வெளியுறவு அமைச்சு அவரை அழைத்தது. கில்லெஸ்பி போகவில்லை. அடிமைக் காலந்தொட்டு தம் இனம் பட்டதெல்லாம் தமக்குப் போதுமான விளக்கம் என்பது அவர் நிலை. அமெரிக்கா செய்ததற்குச் சப்பைக்கட்டு கட்ட அவர் தயாராக இல்லை. கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார்: எங்களுக்குச் சிக்கல் உண்டு, அதைத் தீர்க்கப் பாடுபடுகிறோம் என்றார். சீட்டு வாங்கப் பணமில்லாத ஏழைச் சிறுவர்களை உள்ளே விடாவிட்டால் வாசிக்க மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்த நிகழ்ச்சியும் அந்தப் பயணத்தில் உண்டு.

ஏதென்சில் நடந்ததுதான் பலரும் எடுத்துச் சொல்லும் கதை. சைப்ரஸ் விவகாரத்தில் அமெரிக்காவின் மேல் கிரேக்க மாணவர்கள் கொதித்துப் போயிருந்தனர். கில்லெஸ்பி வருவதற்குச் சற்று முன்புதான் அமெரிக்கத் தகவல் நிலையத்தின் மீது கல்லெறிந்திருந்தனர். அதே மாணவர்கள் அரங்குக்கு வந்தனர். இசை தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. சட்டைகளைக் கழற்றி மேலே வீசி ஆர்ப்பரித்தனர்.

இதிலிருந்து ஜாஸ் கிரேக்கரின் அரசியல் கருத்தை மாற்றிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சைப்ரஸ் பற்றிய கோபம் மறுநாளும் இருந்திருக்கும். மாணவர்கள் அமெரிக்க அரசாங்கத்தையும் அமெரிக்க இசையையும் பிரித்துப் பார்த்தனர் என்பதே என் கருத்து. அரசாங்கத்துக்குக் கல், கலைஞனுக்குக் கைதட்டல். அரசாங்கமோ அந்தக் கைதட்டலையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது.

தாய்நாட்டில் எல்லாரும் மகிழவில்லை. மக்கள் வரிப்பணத்தை இந்தக் 'கூச்சலுக்கு' ஏன் கொட்டுகிறீர்கள் என்ற தொனியில் லூசியானா செனட்டர் ஆலன் எல்லெண்டர் போன்றோர் சண்டையிட்டனர். ஆனாலும் பயணங்கள் தொடர்ந்தன. 1958-இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு போலந்திலிருந்து ஈராக் வரை சென்றது. வழியில் சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய இந்திய நகரங்களிலும் வாசித்தது. 1963-இல் டியூக் எல்லிங்டனின் குழுவும் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்து போனது. நம் தாத்தா தலைமுறையைச் சேர்ந்த சென்னை ரசிகர்கள் அமர்ந்து கேட்ட அந்தக் கச்சேரிகளின் பின்னால் பனிப்போர் இருந்தது என்பது இப்போது எண்ணிப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

புரூபெக் வெள்ளையர். அவர் குழுவில் பேஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 1960-இல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகளில் 25 நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடாகியிருந்தது. ரைட்டை நீக்கிவிட்டு வேறு வெள்ளையரைச் சேர்த்துக்கொள்ளும்படி கல்லூரிகள் கேட்டன. புரூபெக் மறுத்தார். பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. வார்சாவிலும் சென்னையிலும் அமெரிக்காவின் சார்பில் மேடையேறிய அதே மனிதர், அமெரிக்கக் கல்லூரி மேடையில் ஏற முடியவில்லை.

"ரஷ்யாவுக்குப் போக மாட்டேன்"

ஜாஸ் தூதர்களில் உலகப் புகழ் பெற்றவர் லூயி ஆம்ஸ்ட்ராங். எந்நேரமும் சிரித்த முகம். வெள்ளையர் முன்னால் பல்லைக் காட்டி வாசிப்பவர், அரசியல் பேசத் துணியாதவர் என்று இளைய தலைமுறைக் கறுப்பினத்தார் அவரைக் குறைகூறி வந்தனர். அவரைச் சோவியத் யூனியனுக்கு அனுப்ப 1957-இல் அரசாங்கம் திட்டமிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள், நீதிமன்றத் தீர்ப்பின்படி, அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த இடைநிலைப்பள்ளியில் சேர வந்தனர். மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் படையினரை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். வெறிபிடித்த கூட்டம் மாணவர்களைச் சூழ்ந்து வசைபாடியது. அதிபர் ஐசன்ஹோவர் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தயங்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 17-ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரில் கச்சேரிக்காகத் தங்கியிருந்தார். உள்ளூர் நாளிதழுக்காக அவரைப் பேட்டி காண ஒருவர் விடுதி அறைக்குப் போனார். அவர் பெரிய பத்திரிகையாளர் அல்லர். 21 வயதுப் பல்கலைக்கழக மாணவர். இதழியல் படித்துக்கொண்டே பகுதி நேரமாக நிருபர் வேலை பார்த்தவர். அரசியல் கேட்க வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பியும், அவர் லிட்டில் ராக் பற்றிக் கேட்டார். ஆம்ஸ்ட்ராங் வெடித்தார். தென் மாநிலங்களில் தம் மக்களை நடத்தும் விதத்துக்கு இந்த அரசாங்கம் நாசமாய்ப் போகட்டும் என்றார். அதிபருக்குத் துணிச்சல் இல்லை என்றார். ஆளுநரை அச்சேற்ற முடியாத சொல்லால் திட்டினார். பிறகு இருவருமாகச் சேர்ந்து அதற்கு மாற்றாக ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தனர். ரஷ்யாவுக்குப் போனால் அங்குள்ளவர்கள் என் நாட்டைப் பற்றிக் கேட்பார்களே, நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். பயணத்தைக் கைவிட்டார்.

செய்தி நிறுவனம் முதலில் நம்பவில்லை. அந்தச் சிரித்த முகக்காரரா இப்படிப் பேசினார்? மாணவர் மறுநாள் காலை மீண்டும் விடுதிக்குப் போய் எழுதியதைக் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் படித்துப் பார்த்து, சரிதான் என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். செய்தி நாடெங்கும் பரவியது. மிசிசிப்பியில் ஒரு வானொலி நிலையம் அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தது. செப்டம்பர் 24-ஆம் நாள் ஐசன்ஹோவர் இராணுவத்தை அனுப்பி, அந்த ஒன்பது மாணவர்களையும் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல வைத்தார். அதற்கு ஆம்ஸ்ட்ராங் பேச்சுதான் காரணம் என்று சொல்ல முடியாது, காரணங்கள் பல. ஆனால் உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற அச்சம் அவற்றுள் ஒன்று. அந்த அச்சத்தை அவர் பேச்சு கூட்டியது என்று சொல்லலாம். அதிபரின் முடிவைப் பாராட்டி அவரே தந்தியும் அனுப்பினார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. சோவியத் நாட்டில் ஒரு கலைஞர் தன் ஆட்சித் தலைவரை இப்படித் திட்டிவிட்டு அடுத்த ஊரில் கச்சேரி செய்ய முடியுமா? முடியாது. ஆம்ஸ்ட்ராங்கால் முடிந்தது. அப்படிப் பார்த்தால், எந்தத் தூதுப் பயணமும் காட்டியிருக்க முடியாத அமெரிக்கச் சுதந்திரத்தை, தூது போக மறுத்ததன் மூலம் அவர் காட்டினார். வெளியுறவு அமைச்சு அவரைக் கைவிடவில்லை. மூன்றே ஆண்டில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. சோவியத் யூனியனுக்கு மட்டும் அவர் கடைசிவரை போகவில்லை.

ஒரு கையில் இசை, மறு கையில் நஞ்சு

1960 அக்டோபர் இறுதியில் ஆம்ஸ்ட்ராங் காங்கோவின் தலைநகரான லியோபோல்டுவில்லுக்குப் போனார். மக்கள் அவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து சென்றனர். அதே நகரில் அப்போது மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் பத்ரிஸ் லுமும்பா, ஆட்சி கவிழ்க்கப்பட்டு வீட்டுக்காவலில் இருந்தார். லுமும்பாவைக் கொல்வதற்காக அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அதற்கு முந்திய மாதமே அந்த ஊருக்கு நஞ்சு அனுப்பியிருந்தது. 1975-இல் அமெரிக்க செனட் விசாரணைக் குழுவே இதை வெளிப்படுத்தியது. அந்த நஞ்சு பயன்படுத்தப்படவில்லை. லுமும்பா 1961 ஜனவரி 17-ஆம் நாள் கட்டாங்கா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அதில் பெல்ஜியரும் பங்கு கொண்டிருந்தனர்.

இதையெல்லாம் அறியாமல்தான் ஆம்ஸ்ட்ராங் வாசித்தார். அவர் இசையில் குற்றமில்லை. அவரைத் தோளில் தூக்கிய மக்களின் மகிழ்ச்சியிலும் குற்றமில்லை. ஆனால் ஒரே அரசாங்கத்தின் ஒரு கை டிரம்பெட்டையும் மறு கை நஞ்சையும் அனுப்பியது. 2024-இல் வெளிவந்த 'ஒரு ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின்னணி இசை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஆவணப்படம் இந்த இணைப்பையே பேசுகிறது. மேடையில் கேட்பது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அதே நேரத்தில் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

யார் பணம்?

ஜாஸ் பயணங்களில் ஒரு நேர்மை இருந்தது. வெளியுறவு அமைச்சு அனுப்புகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். பிடிக்காததைச் செனட்டர் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். இதற்கு நேர்மாறான முறை ஒன்றும் அதே காலத்தில் நடந்தது.

1950-இல் மேற்கு பெர்லினில் பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை என்ற அமைப்பு தோன்றியது. எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் கூடிப் பல நாடுகளில் மாநாடு நடத்தினர். லண்டனில் 'என்கவுண்டர்', பம்பாயில் 'குவெஸ்ட்' என்று தரமான இதழ்கள் வெளிவந்தன. அறக்கட்டளைகள் பணம் தருவதாகவே எழுதியவர்கள் பலரும் நம்பினர். 1966-67-இல் உண்மை வெளியானது. அறக்கட்டளைகள் வெறும் முகமூடி, பணம் சி.ஐ.ஏ.வுடையது. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் 'என்கவுண்டர்' ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார்.

மாணவர்களாகிய நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது இன்னொரு செய்தி. 1946-இல் பிராக் நகரில் உருவான அனைத்துலக மாணவர் ஒன்றியம் சோவியத் செல்வாக்கின் கீழ் போய்விட்டது. அதற்கு எதிரணியாக நின்றது 1947-இல் அமைந்த அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கம். அச்சங்கத்தின் வெளிநாட்டுப் பணிகளுக்கு 1950-களின் தொடக்கம் முதல் சி.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது. தலைவர் முதலிய சிலரை மட்டும் அழைத்து, இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்வார்கள். மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் சங்கம் என்று நம்பி மாநாட்டுக்குப் போனார்கள், தீர்மானம் எழுதினார்கள், வெளிநாட்டு மாணவர்களுடன் நட்புக் கொண்டார்கள். 1967 பிப்ரவரியில், சங்கத்தில் பணியாற்றிய ஒருவர் கொடுத்த தகவலைக் கொண்டு 'ராம்பார்ட்ஸ்' இதழ் இதை அம்பலப்படுத்தியது. கல்வி, தொண்டு அமைப்புகளுக்கு இனி இரகசியப் பணம் தரக் கூடாது என்று அதிபர் ஜான்சன் அமைத்த குழு அடுத்த மாதமே பரிந்துரைத்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று. அந்த மாணவர்களில் பலர் உண்மையாகவே இன ஒதுக்கலை எதிர்த்தவர்கள். காலனியாட்சியை எதிர்த்தவர்கள். பணம் வராவிட்டாலும் அதையேதான் பேசியிருப்பார்கள். ஆனால் இரகசியம் வெளிப்பட்ட நாள் முதல், அவர்கள் அதுவரை நேர்மையாகப் பேசிய ஒவ்வொரு சொல்லும் சந்தேகத்துக்கு உள்ளானது. மறைந்திருந்த கை அவர்களுடைய எதிர்காலத்தை மட்டுமல்ல, கடந்த காலத்தையும் எடுத்துக்கொண்டது. ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்த நிலை வரவில்லை. யார் அனுப்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். போக மாட்டேன் என்று சொல்லவும் அவரால் முடிந்தது.

நமக்கு வரும் தூதுகள்

மலேசியா போன்ற நாடுகள் இந்தத் தூதுகளைப் பெற்றுக்கொண்டே வளர்ந்தவை. 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப் படையைச் சேர்ந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இங்கு வந்து பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் வேலை செய்தனர். 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கான மலேசிய இளைஞர்கள் ஜப்பானில் படித்தனர். சீனா 2004 முதல் உலகெங்கும் கன்பூசியஸ் கழகங்களைத் திறந்து வருகிறது. இந்தியா 2010-இல் கோலாலம்பூரில் தன் பண்பாட்டு மையத்தைத் திறந்தது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் இந்தியா சென்றிருந்தபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் இருக்கை அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பைக் கேட்டு நானும் மகிழ்ந்தேன். வள்ளுவர் பெயரில் ஒரு கல்வி இருக்கை என்றால் எந்தத் தமிழ் மாணவருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் அது ஒரு நாட்டின் அரசதந்திரமும்தான். இப்படிச் சொல்வது குறை கூறுவதாகாது. பெற்றுக்கொள்வோம்; யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து பெற்றுக்கொள்வோம். எந்த நாடு அமைக்கும் இருக்கையாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அதில் அமர்பவரை யார் தேர்ந்தெடுப்பார்? ஆய்வுத் தலைப்பை யார் முடிவு செய்வார்? கொடுத்த நாட்டுக்குப் பிடிக்காத ஆய்வு முடிவு வந்தால் அது அச்சேறுமா? இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குத் தகுதி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. வெறுங்கையோடு வாசலில் நின்று வாங்கிக்கொள்பவர்கள் அல்லர் நாம்.

இதே கேள்வியை நமக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர் கழகம் ஒன்று நாடகம் போடவும் ஆண்டிதழ் அச்சடிக்கவும் பிறர் உதவியின்றி முடியாது. அரசியல் கட்சியும் தூதரகமும் வணிக நிறுவனமும் உதவ முன்வரலாம். வாங்குவதில் தவறில்லை. எவரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பது செயலவைக்கு மட்டுமல்லாமல் கடைசி வரிசையில் அமரும் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் அதை எழுந்து கேட்க அவருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. அமெரிக்க மாணவர் சங்கத்தில் விடுபட்டுப் போனது அந்த ஒன்றுதான்.

திருக்குறளில் 'தூது' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தூது போகிறவனுக்கு வள்ளுவர் கேட்கும் பண்புகளில் அஞ்சாமையும் ஒன்று. அவர் கேட்பது அயல்நாட்டு மன்னன் முன்னால் அஞ்சாமை. கில்லெஸ்பியும் ஆம்ஸ்ட்ராங்கும் அதற்கு ஒரு படி மேலே போய், தங்களை அனுப்பிய அரசின் முன்னாலும் அஞ்சாமல் நின்றார்கள். படித்து முடித்து வெளிநாட்டு மாநாடுகளுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் போகும் நாளில், நம்மில் பலரும் ஏதோ ஒரு வகையில் இந்த நாட்டின் தூதர்களாக நிற்கப் போகிறோம். மலேசியத் தமிழர்களின் நிலை பற்றி அங்கே யாராவது கேட்பார்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காமலும், கைதட்டல் வாங்குவதற்காக வீட்டைக் குறைசொல்லாமலும், உள்ளதை உள்ளபடி சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை இங்கே, நம் கழகக் கூட்டங்களிலேயே தொடங்கலாம்.